தெருவோரம் நிற்கும் காருக்கு வாடகை உண்டா?

ஓசூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் வாடகைக்கு இருப்பவருக்கு 120 சதுர அடியின் விலை என்னவென்று நன்றாகத் தெரியும். அவர் வாசலுக்கு எதிரே நிற்கும் பெரிய கார், கதவைத் திறக்கும் இடத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய அதே அளவைத்தான் பிடிக்கிறது. அதற்கு வாடகை இல்லை.

கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டினால் இந்தக் கேள்வி காகிதத்துக்கு வந்துவிட்டது. 2021இல் கர்நாடக அரசு ஒப்புதல் தந்த பெங்களூரு பார்க்கிங் கொள்கை, வீட்டுக்கு வெளியே சாலையில் நிறுத்துவோர் ஆண்டு பெர்மிட் வாங்க வேண்டும் என்கிறது. சிறிய காருக்கு 1,000 ரூபாய், பெரிய வண்டிக்கு 5,000 வரை. நாளுக்கு 14 ரூபாய்கூட ஆகவில்லை. சென்னை மாநகராட்சி 2019இல் தொடங்கிய கட்டணப் பார்க்கிங்கில் காருக்கு ஒரு மணி நேரத்துக்கே 20 ரூபாயாக இருந்தது. இடத்தை அடைக்கும் அளவுக்கேற்ற கட்டணம் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

“அதான் ரோடு டாக்ஸ் கட்டியாச்சே?” என்பார்கள். அந்த வரி மாநில அரசுக்குப் போகிறது. உங்கள் தெருவையும் சாக்கடையையும் பார்த்துக்கொள்வது 2019இல் மாநகராட்சியான ஓசூரின் உள்ளாட்சி. சொத்து வரி வீட்டுக்குத்தான். வாசலுக்கு வெளியே உள்ள தெரு பொதுச்சொத்து.

அதற்காக மாநகராட்சி இஷ்டத்துக்குக் கேட்கவும் முடியாது. லண்டனின் பார்னெட் கவுன்சில் 2011இல் குடியிருப்போர் பெர்மிட்டை 40 பவுண்டிலிருந்து 100 ஆக்கியது. குடியிருப்பாளர் ஒருவர் வழக்குப் போட்டார். மற்றச் சாலைச் செலவுகளுக்குப் பணம் திரட்டுவதற்காகப் பார்க்கிங் கட்டணத்தை உயர்த்தியது சட்டப்படி செல்லாது என்று 2013இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் வரி வேறு, கட்டணம் வேறு. கட்டணம் என்றால் ஈடாக ஒரு சேவை இருக்க வேண்டும் என்று 1954லேயே சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பெர்மிட் பணம் தனிக்கணக்கில் இருக்க வேண்டும். எந்தத் தெருவில் வசூலானது, எந்த நடைபாதைக்குச் செலவானது என்று மக்கள் பார்க்க முடிய வேண்டும்.

ஓசூருக்கு இந்தப் பெர்மிட் வரும் நாளில் எல்லையூருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. இங்கே ஒரே தெருவில் டி.என். 70 வண்டியும் கே.ஏ. 51 வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும்தான். அதைக் கவனிப்பது ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் வேலை. பெர்மிட்டுக்கு நம்பர் பிளேட்டைப் பார்க்கக் கூடாது, குடியிருப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அதைக் காட்டுவதும் எளிதல்ல. சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவரின் ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருக்கும். கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் வரும். வாடகைப் பத்திரம் எழுதித் தராத வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள். இப்படி வாடகைக்கு இருப்பவர்களிடம் கேஸ் ரசீதையோ கம்பெனிக் கடிதத்தையோ வாங்கிக்கொள்ளலாம் என்ற விதியைக் கட்டணத்தை அறிவிக்கும்போதே சேர்த்து எழுதிவிட வேண்டும்.