டெஸ்ட் அடிச்சா பிளம்பர் ஆயிடுவோமா?

பச்சைமலையில இருந்து ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். ஐ.டி.ஐ.யில பிளம்பர் ட்ரேடு முடிச்சிட்டு துறையூர் பக்கம் வேலை பார்க்கிறார். "அண்ணா, ஸ்கில் டெஸ்ட் அடிச்சா சிங்கப்பூர் போயிடலாம்னு ஏஜென்ட் சொல்றார். அங்க போனா நான் பிளம்பர்தானே?"

இல்ல. அதுக்குள்ள ஏமாற்றுன்னு முடிவு பண்ணிடாதீங்க, விஷயம் வேற.

திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் 'டெஸ்ட் அடிக்கிறது'ன்னா தெரியாத ஆள் இருக்க மாட்டாங்க. சிங்கப்பூர் கட்டுமானத் துறையைக் கவனிக்கிற பி.சி.ஏ.வோட தேர்வு அது, தமிழ்நாட்டிலேயே எழுதலாம். பாஸ் பண்ணா கட்டுமான வேலைக்கு வொர்க் பெர்மிட் வாங்கத் தகுதி வரும். அவ்வளவுதான். பிளம்பர் லைசென்ஸ் கொடுக்கிறது பி.யு.பி.ங்கிற அந்த ஊர் தண்ணி வாரியம். லைசென்ஸ் வச்சிருக்கிறவர் பொறுப்புலதான் நீங்க பைப் போடுவீங்க. சட்டப்படி பிளம்பர் அவர்; நீங்க அவருக்குக் கீழ வேலை பார்க்கிற தொழிலாளி.

இதுல ஒரு கணக்கு இருக்கு, யாரும் சொல்றதில்ல. வெளிநாட்டுத் தொழிலாளி ஒவ்வொருத்தருக்கும் முதலாளி அரசாங்கத்துக்கு லெவி கட்டணும். 2024 ஜனவரியில இருந்து, நம்ம ஊர்ல இருந்து போற 'பேசிக் ஸ்கில்டு' கட்டுமானத் தொழிலாளிக்கு மாசம் 900 வெள்ளி, 'ஹையர் ஸ்கில்டு'னா 500. அதை உங்க சம்பளத்துல பிடிக்கக் கூடாது. அப்போ உங்களை அடுத்த நிலைக்கு ஏத்தினா கம்பெனிக்கு மாசம் 400 வெள்ளி மிச்சம். பேசும்போதே "எப்போ ஏத்துவீங்க, ட்ரெய்னிங் செலவு யாரோடது?"ன்னு கேளுங்க. அங்க நாலு வருஷம் இருக்கப் போறீங்கன்னா இந்த ஒரு கேள்விக்கு மதிப்பு அதிகம்.

சரி, நம்ம சர்டிஃபிகேட்டை ஏன் அப்படியே ஏத்துக்க மாட்டேங்கிறாங்க? திமிர்னு நினைக்கலாம். எனக்கு அப்படித் தோணல. நம்ம வீட்ல சம்ப், மோட்டார், மாடி மேல டேங்க். 10 மீட்டர் உயரத்துக்கு சுமார் 1 பார் அழுத்தம். சாதாரண வீட்ல அதுவே வராது. ஆஸ்திரேலியாவுல தெருக் குழாய் அழுத்தம் நேரா வீட்டுக்குள்ள வருது. கட்டடத்துக்குள்ள 500 கிலோபாஸ்கல், அதாவது 5 பார் தாண்டக் கூடாதுன்னு தரக்கோடு இருக்கு. அழுக்குத் தண்ணி திரும்பி மெயின் லைனுக்குள்ள போச்சுன்னா ஒரு வீடு இல்ல, தெருவே படுத்துடும். அதனாலதான் லைசென்ஸ்.

அங்க போக வழி இருக்கு, ஆனா நீளம். ட்ரேட்ஸ் ரெகக்னிஷன் ஆஸ்திரேலியா உங்க ஆவணம், தொழில் நேர்காணல், செய்முறை எல்லாம் பார்த்து ஒரு ஸ்கில்ஸ் ரெக்கார்டு கொடுக்கும். அதை வச்சு தற்காலிக லைசென்ஸ். மேற்பார்வையில வேலை செஞ்சு, விடுபட்ட பயிற்சியை முடிச்சாதான் முழு லைசென்ஸ். இங்கிலீஷ் தேர்வும் உண்டு. ஆனா குடும்பத்தோட போற விசாவுக்கு வாய்ப்பு இருக்கு. சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்ல அது கிடையாது. கனடாவுல ஒன்டாரியோவும் அப்படித்தான், சான்று இல்லாம பிளம்பர் வேலை பார்க்க முடியாது.

வளைகுடான்னா முதல்ல பாஸ்போர்ட்டைப் பாருங்க. பத்தாவது பாஸ் ஆகலைன்னா இ.சி.ஆர். முத்திரை இருக்கும், சவூதி, கத்தார் மாதிரி 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேணும். என்.சி.வி.டி. படிப்புக்கு விலக்கு உண்டு, ஆனா ரெண்டு வருஷப் படிப்புக்கு. பிளம்பர் ட்ரேடு ஒரு வருஷம்! பத்தாவது எழுதிப் பாஸ் பண்றதுதான் சுலபம். ஆனா இந்த அனுமதியைத் தொல்லைன்னு நினைக்காதீங்க. இ-மைக்ரேட்ல ஒப்பந்தத்தைப் பார்க்கிறாங்க, 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் அதோட சேர்ந்து வருது.

சிங்கப்பூர் அந்த 18-ல இல்ல. அங்க போறவங்களுக்கு இந்தச் சரிபார்ப்பை நாமதான் செஞ்சுக்கணும். ஐ.பி.ஏ. கடிதம் உங்க மொழியிலயும் இருக்கணும். அதுல அடிப்படைச் சம்பளம், பிடித்தம் ரெண்டையும் படிச்சுட்டு, எம்.ஓ.எம். தளத்துல சரிபாருங்க. இந்தியாவுல பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு சட்டம் சொல்றது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். லட்சக்கணக்குல கேட்டா, எதுக்குன்னு ரசீதுல எழுதித் தரச் சொல்லுங்க. நிலத்தை அடகு வைக்கிறது அதுக்கப்புறம் பேசலாம்.