மஞ்சளெல்லாம் பழமல்ல!

சங்கரன்கோவிலில் சிவன் பாதி, விஷ்ணு பாதியாகச் சாமி நிற்கிறார். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால், தோல் முழு மஞ்சள், உள்ளே பாதிக் காய் என்று ஒரு வாழைப்பழம் வருகிறதே... அதை என்ன செய்ய?

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் கேட்டே விட்டேன். "என்ன அண்ணாச்சி, வெளிய தங்கமா மின்னுது, உள்ள நறுக்குன்னு இருக்கு?"

"நாளைக்குத் தின்னுங்க தம்பி, சரியாப் போவும்!"

பழம் மட்டுமல்ல, பதிலும் பழுக்கவில்லை!

இந்த அவசரத்துக்குப் பெயர்தான் 'கல்லு வைக்கிறது'. கல் என்றால் கால்சியம் கார்பைடு. வெல்டிங் பட்டறைச் சமாச்சாரம். ஈரம் பட்டால் அசிட்டிலின் வாயு கிளம்பி, தோலை மஞ்சளாக்கிவிடும். கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பும் தொற்றிக்கொள்ளலாம். இப்படிப் பழுக்க வைத்ததை விற்க 2011-ம் வருட உணவுப் பாதுகாப்பு விதிகளிலேயே தடை இருக்கிறது.

அதற்காக எல்லாப் பழத்தையும் 'மருந்தடிச்சது' என்று கரித்துக் கொட்டவும் கூடாது. எத்திலீன் என்பது பழம் பழுக்கும்போது தானே விடுகிற வாயு. அதை அறைக்குள் செலுத்திப் பழுக்க வைக்க, பத்து லட்சத்துக்கு நூறு பங்கு வரை, 2016-ல் அனுமதி தந்தார்கள். நம் தாத்தாக்கள் புகை போட்டுப் பழுக்க வைத்ததிலும் எத்திலீனுக்குப் பங்கு உண்டு. எனவே, பச்சைக் காம்பைப் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்பு எழுத முடியாது.

பின்னே என்னதான் வழி? முற்றிய காய்ச் சீப்பாக வாங்கி, பழுத்த பழம் ஒன்றோடு காகிதப் பையில் போட்டு வையுங்கள். ஆடித் தபசுக்குப் பேர்போன ஊர். வாழைக்கும் ரெண்டு, மூணு நாள் தபசு வேண்டாமா? காயாக ஃபிரிஜ்ஜில் வைத்தால் தபசு கலைந்துவிடும், ஒழுங்காகப் பழுக்காது. பழுத்தபின் வைத்தால் தோல்தான் கறுக்கும், உள்ளே பங்கமில்லை. எங்கே வாங்கினாலும் கழுவிவிட்டு உரியுங்கள். தோலில் இருப்பது கை வழியாக வாய்க்குப் போகும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும். வாழைப்பழத்தில் பொட்டாசியம் கணிசம். ரப்பர் பலூன், கையுறை பட்டால் தடிக்கிறவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஆகாது.

ஒரு வாழைப்பழத்துக்கு இவ்வளவு ஆராய்ச்சியா என்பீர்கள். என் அக்கா மகனுக்குப் பால் அலர்ஜி. ஆறு வயசு. தபசுக் கூட்டத்தில் மற்ற பிள்ளைகள் குல்ஃபி சப்பும்போது, "வேண்டாம் மாமா, பல்லு கூசும்" என்று அவனாகவே பொய் சொல்லப் பழகிவிட்டான். ஆறு வயசில் அவ்வளவு பெரியமனுஷத்தனம் கூடாது ஸார்!

நமக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உலகில் பெரியவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பேருக்குப் பாலிலுள்ள சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. அதில் வயிறு பொருமும், அவ்வளவுதான். அலர்ஜி வேறு ஜாதி. உதடு வீங்கும், மூச்சு திணறும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அவர்களுக்கு நெய்யும் கூடாது. லஸ்ஸி அடித்த மிக்ஸி ஜாரைக்கூடத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் தொடணும்.

பாலில்லாத ஐஸ்கிரீம்: நன்கு கனிந்த மூன்று பழங்களை வட்டமாக நறுக்கி, மூடி போட்ட டப்பாவில் ராத்திரி ஃப்ரீசரில் வையுங்கள். மறுநாள் மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் முதலில் புட்டு மாதிரி உதிரும். மனம் தளராமல் வழித்துவிட்டு அடியுங்கள். திடீரென்று வெண்ணெயாகத் திரளும்! வாழைப்பழத்திலுள்ள பெக்டின் செய்கிற வித்தை அது. மிக்ஸி முரண்டு பிடித்தால் ஒரு ஸ்பூன் தேங்காய்ப்பால். உடனே சாப்பிட்டுவிட வேண்டும்.

நெய்யில்லாத பஞ்சாமிர்தம்: 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் நெய் உண்டு. நம் வீட்டுக் கிண்ணத்தில் அதை விட்டுவிட்டு, கற்பூரவள்ளிப் பழம், நாட்டுச் சர்க்கரை, பேரீச்சை, கல்கண்டு, ஏலம், தேன் போதும். தண்ணீர் சேர்க்காமல் பிசைந்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது.

பழப் பணியாரம்: மசித்த பழம், கோதுமை மாவு, வெல்லப்பாகு, தேங்காய்ச் சில்லு. பணியாரச் சட்டியில் தேங்காயெண்ணெய் விட்டுச் சுடவேண்டியதுதான்.

பி.காம். படித்தவன் கணக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். தோலில் கரும்புள்ளி விழுந்த சீப்பைக் கடைக்காரர் ஓரமாக ஒதுக்கி, விலையையும் குறைத்து வைத்திருப்பார். அழுகலும் பூசணமும் இல்லையென்றால் தைரியமாக வாங்குங்கள். மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாகி, இனிப்பு உச்சத்தில் இருக்கிற நேரம் அது. அவருக்கு நஷ்டக் கணக்கு, நமக்கு ஐஸ்கிரீம்!