டிரெண்டைத் துரத்தும் விளம்பரங்கள்

சென்ற மாதம் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் இருந்து டால்பின் நோஸ் பாறை வழியாக வெள்ளகவிக்கு நடந்து இறங்கினேன். ஊரே கோயில் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. அதனால் ஊருக்குள் யாரும் செருப்பு அணிவதில்லை. நானும் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக் கொண்டேன்.

மாலையில் மேலே ஏறி வந்து, சிக்னல் கிடைத்ததும் இன்ஸ்டாகிராமைத் திறந்தேன். முதலில் வந்தது ஒரு விளம்பரம். "டிரெண்டிங் வெள்ளகவி! வாரக் கடைசி டிரெக்கிங். இன்னும் 4 இடங்களே!" படத்தில் இருந்ததோ தேயிலைத் தோட்டம். நான் அன்று நடந்த வழியில் கண்டது காப்பிச் செடிகளைத்தான்.

"மொபைல் நாம பேசுறதை ஒட்டுக் கேட்குதுடா" என்றான் உடன் வந்த நண்பன். அவ்வளவு சிரமம் அவர்களுக்குத் தேவையில்லை. முந்தைய வாரம் நான் இரண்டு டிரெக்கிங் தளங்களைத் திறந்து பார்த்திருந்தேன். இப்படிப்பட்ட தளங்களில் பெரும்பாலும் மெட்டா பிக்ஸல் என்னும் சிறிய புரோகிராம் இருக்கும். நாம் வந்து போன தகவலை அது மெட்டா நிறுவனத்திற்கு அனுப்பிவிடும். இன்ஸ்டாகிராம் அந்த நிறுவனத்துடையது. விளம்பரம் என்னைத் தேடி வந்ததற்கு இதுவே போதும்.

சரி, விளம்பரக்காரர் ஏன் வெள்ளகவியைத் தேர்ந்தெடுத்தார்? இதற்கு இதே மலையில் நடந்த இன்னொரு கதையைப் பார்க்க வேண்டும்.

2024 பிப்ரவரியில் மஞ்ஞும்மல் பாய்ஸ் என்ற மலையாளப் படம் வெளிவந்தது. 2006-ல் குணா குகையில் விழுந்த இளைஞரை நண்பர்கள் மீட்ட உண்மைச் சம்பவம்தான் கதை. 1991-ல் வந்த குணா படப் பாடல் மறுபடியும் ரீல்ஸ் எங்கும் ஒலித்தது. குகையைப் பார்க்கக் கூட்டம் குவிந்தது. இப்படி ஒரு பெயர் திடீரென்று சூடு பிடிப்பதை அறிய, 2006 முதல் இயங்கும் கூகுள் டிரெண்ட்ஸ் உதவுகிறது. ஒரு சொல்லைக் கொடுத்து, மாநிலத்தையும் கால அளவையும் தேர்ந்தெடுத்தால், அது எப்போது அதிகம் தேடப்பட்டது என்று 0 முதல் 100 வரையிலான கோடாக வரைந்து காட்டும். எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணிக்கை இதில் கிடைக்காது. உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடும், அவ்வளவுதான்.

கோடு மேலே ஏறுவதைக் கண்டதும் விளம்பரக்காரர் அந்தச் சொல்லுக்கு ஏலம் கேட்கிறார். நீங்கள் தேடும் ஒவ்வொரு முறையும் கூகுளில் ஒரு ஏலம் நடந்து, கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதிகப் பணம் சொன்னவருக்கே முதலிடம் என்பதில்லை. விளம்பரம் தேடலோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதும் கணக்கில் சேரும். இதற்காகவே நீங்கள் தேடிய சொல்லுக்கு ஏற்ப விளம்பரத்தின் தலைப்பைத் தானாகவே மாற்றும் வசதியைக் கூகுள் தருகிறது. டெம்ப்ளேட் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறும்.

ரீல்ஸில் வேறு மாதிரி வேலை நடக்கிறது. பிசினஸ் கணக்குகள் எல்லா சினிமாப் பாடல்களையும் பயன்படுத்த இன்ஸ்டாகிராம் அனுமதிப்பதில்லை. ஆகவே சில நிறுவனங்கள் தனிநபர்களுக்குப் பணமோ இலவசத் தங்கலோ கொடுத்து ரீல் போடச் சொல்கின்றன. அப்படிப்பட்ட பதிவில் அது விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என, விளம்பரத் துறையின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்பான ஏ.எஸ்.சி.ஐ. 2021-லேயே விதி வகுத்துவிட்டது. ஹேஷ்டேக் குவியலுக்குள் அந்தச் சொல்லை ஒளித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்!

டிரெண்டைப் பிடிப்பது எல்லாமே தவறு என்று நான் சொல்லவில்லை. 2020 ஆகஸ்டில் "பினோத்" என்ற பெயர் இணையத்தில் கேலியாகப் பரவியபோது, பேடிஎம் தன் ட்விட்டர் கணக்கின் பெயரையே பினோத் என மாற்றி வைத்தது. சிரித்துவிட்டுப் போகலாம். மலைப்பாதையை விற்பது அப்படியல்ல. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எனக்கு வந்த விளம்பரத்தில் வனத்துறை அனுமதி பற்றி ஒரு வார்த்தை இல்லை. செருப்பு பற்றியும் இல்லை. அதை நம்பிக் கூட்டமாக வருபவர்கள் ஷூவோடு தெருவுக்குள் நுழைந்தால், அந்த ஊர்க்காரர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

விளம்பரத்தைச் சோதிப்பது எளிது. கம்ப்யூட்டரில் மெட்டா ஆட் லைப்ரரி தளத்தைத் திறந்து, நாடாக இந்தியாவைத் தேர்ந்தெடுத்து, விளம்பரம் கொடுத்த பக்கத்தின் பெயரை டைப் செய்யுங்கள். அந்தப் பக்கம் இப்போது ஓட்டிக் கொண்டிருக்கும் விளம்பரங்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். கூகுள் விளம்பரம் என்றால், 2023-ல் வந்த ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டரில் தேடலாம். நான் தேடியபோது அதே தேயிலைத் தோட்டப் படம் மூன்று முறை வந்தது. ஒன்றில் வெள்ளகவி, ஒன்றில் குணா குகை, இன்னொன்றில் மேகமலை. மூன்றிலும் "இன்னும் 4 இடங்களே!"

விளம்பரத்தின் மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால், இது உங்களுக்கு ஏன் காட்டப்படுகிறது என்ற விவரமும், புகார் செய்யும் வசதியும் கிடைக்கும். நான் புகார் செய்துவிட்டேன். கூகுளில் மை ஆட் சென்டர் பக்கத்திற்குச் சென்றால், தேடல் வரலாற்றை வைத்து விளம்பரம் காட்டுவதை நிறுத்தி வைக்கலாம். விளம்பரம் குறையாது, பின்தொடர்வது மட்டும் குறையும்.

மலையேற ஆசை இருந்தால், 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளுடன் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு தளத்தை முதலில் பாருங்கள். கொடைக்கானலுக்கு வாகனத்தில் செல்ல, 2024 மே மாதம் வந்த இ-பாஸ் நடைமுறையின் இன்றைய நிலவரத்தையும் பார்த்துக் கொள்ளுங்கள். வெள்ளகவிக்குப் போவதானால் ஒரு துணிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கழற்றிய ஷூவைக் கையில் பிடித்துக் கொண்டு அந்த மேட்டில் நடப்பது கொஞ்சம் கஷ்டம்.