சந்தைவோங் லோரியும் தம்பியின் சிவப்பு அட்டையும்

பாலாக் கொங்சியில் வளர்ந்தவள் என்று சொன்னால், என் பேரப்பிள்ளைகள் "அது எந்தத் தாமான் பாட்டி?" என்று கேட்கிறார்கள். தாமானும் இல்லை, தோட்டமும் இல்லை. கிளந்தானில் குவா மூசாங்கிலிருந்து லோரியில் அரை நாள் காட்டுக்குள் போனால், ஆற்றோரம் பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய நீளமான கொங்சி ஒன்று இருந்தது. சுற்றியுள்ள மரமெல்லாம் தீர்ந்ததும் அதைப் பிரித்து, இன்னும் உள்ளே கொண்டுபோய்க் கட்டுவார்கள். நாங்கள் அங்கிருந்த ஆறு வருடத்தில் வீடு மூன்று முறை இடம் மாறியது.

அப்பா பேராவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத் துண்டாடலில் வேலை போனதும், லோரி ஓட்டத் தெரியும் என்ற ஒரே தகுதியோடு 1971இல் இங்கு வந்தார். எனக்கு அப்போது மூன்று வயது. மரம் அறுப்பவர்கள் சீனர்களும் மலாய்க்காரர்களும். தமிழ்க் குடும்பம் நாங்கள் மட்டும்தான்.

அப்பா ஓட்டியது சந்தைவோங். போர்க்கால ராணுவ லோரியை மாற்றிக் கட்டிய வண்டி. கதவு கிடையாது, ஆனால் எந்தச் சேற்றிலும் ஏறிவிடும். மலைக்கு அந்தப் பக்கம் அதன் உறுமல் கேட்கும்போதே அம்மா உலை வைப்பார். அப்பா இறங்கி வருவதற்குள் சோறு வெந்துவிடும். தொட்டுக்கொள்ள கருவாடு அல்லது டின் சாடின். இரண்டும் தீர்ந்தால், ஆற்றோரம் முளைக்கும் பெரணித் தளிரைப் பெலாச்சான் போட்டு வதக்குவார். இன்று அதையே உணவகத்தில் காசு கொடுத்துச் சாப்பிடுகிறோம்!

பள்ளிக்கூடம் இல்லை. மரம் அடுக்கும் களம்தான் எனக்குப் பள்ளி. ஒவ்வொரு மரத்தின் வெட்டுமுகத்திலும் எண் எழுதி, வனத்துறைக்காரர்கள் சுத்தியலால் முத்திரை அடிப்பார்கள். அந்த எண்களைப் படித்தே எண்ணக் கற்றேன். சிராயை ஆற்றில் போட்டுப் பார்ப்பது எங்கள் விளையாட்டு. மெராந்தி மிதக்கும், செங்கால் முங்கிவிடும். "முத்திரை இல்லாத மரம் காட்டைத் தாண்டாதும்மா" என்பார் அப்பா.

1976 டிசம்பர். மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும், ஆட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள அப்பாவைத் தங்கச் சொல்லியிருந்தார்கள். அம்மாவுக்கு ஒன்பதாம் மாதம். ஆறு பெருகி மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போன இரவில் வலி வந்தது.

அப்பா மழையில் நடந்துபோய், மேலாற்றில் இருந்த தெமியார் கம்பத்திலிருந்து ஒரு மூதாட்டியை அழைத்து வந்தார். மண்ணெண்ணெய் விளக்கைப் பிடிக்கும் வேலை எனக்கு. கை நடுங்கியதற்கு அவர் என்னைத் திட்டினார். மொழி புரியவில்லை, திட்டு புரிந்தது. மூங்கில் சீவலால் தொப்புள்கொடியை அறுத்து, தம்பியைத் துணியில் சுற்றி என் மடியில்தான் முதலில் வைத்தார்.

பாதை திறக்க இரண்டு மாதம் ஆனது. பிறப்பை 14 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது அப்போதைய சட்டம். அப்பா ரயிலேறிப் பட்டணம் போனார். மருத்துவச்சியின் கடிதம் கேட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மூதாட்டி எங்கிருந்து கடிதம் கொடுப்பார்? அடுத்த முறை முதலாளியின் கடிதம் கேட்டார்கள். மூன்றாம் முறை, இந்தப் பிள்ளை உங்களுடையதுதான் என்பதற்கு என்ன சாட்சி என்றார்கள். போகும் ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் சம்பளம் போனது. நான்காம் முறை அப்பா போகவில்லை.

அடுத்த ஆண்டு காட்டை விட்டு வந்தோம். ஒன்பது வயதில் நான் குவாலா லிப்பிஸில் ஒன்றாம் ஆண்டு சேர்ந்தேன், வகுப்பிலேயே உயரமானவள். தம்பியைத் தலைமையாசிரியர் ஒருவர் இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு வயதில் நண்பர்களெல்லாம் அடையாள அட்டை எடுக்கப் போனபோது, அவன் வீட்டில் படுத்துக்கொண்டு வயிற்றுவலி என்றான்.

அப்பா, அம்மா இருவருக்கும் நீல அட்டை. எனக்கும் நீலம். தம்பிக்குப் பத்தொன்பது வயதில், பல சத்தியப்பிரமாணங்களுக்குப் பிறகு, சிவப்பு கிடைத்தது. அதை வாங்கி வந்த அன்று அப்பா வாசலில் உட்கார்ந்து, "ஒவ்வொரு மரத்துக்கும் முத்திரை அடிச்சாச்சான்னு பார்த்துப் பார்த்து ஏத்தினேனே" என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை.

தம்பி இப்போது வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பேரப்பிள்ளை எடுக்கும் வயது வந்துவிட்டது, இன்னும் ஒருமுறைகூட ஓட்டுப் போட்டதில்லை. குடியுரிமைக்கு மறுபடியும் விண்ணப்பம் போட, போன மாதம் அவன் அட்டையை நகலெடுக்கக் கொடுத்தான். அப்போதுதான் கவனித்தேன். எண்ணின் நடுவே இருக்கும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலத்தைக் குறிக்கும் அல்லவா? தம்பியின் அட்டையில் 03 என்று இருக்கிறது.

03 என்றால் கிளந்தான்.