வாயே திறக்காதவர்தான் பாட்டுக்குத் தலைவர்!
50 பேரை ஒரே மூச்சில் பாட வைக்கும் கை

சோலூர்,
ஊட்டி பக்கம் உள்ள சோலூரில் ஒரு டீக்கடை. நல்ல குளிர். டி.வி.யில் ஏதோ ஒரு நிகழ்ச்சி. வரிசையாக நின்று 50 பேர் பாடுகிறார்கள். எதிரே ஒருவர், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கையை ஆட்டுகிறார். பாட்டு முடிந்தது. அவர் திரும்பிக் கும்பிட்டார். ஒரே கைதட்டல்!

பெஞ்சில் இருந்த தோட்டத் தொழிலாளி ஒருவர் கேட்டார்: "பாடினது அவங்க. கையை ஆட்டினவருக்கு எதுக்குங்க கைதட்டல்?"

நியாயமான கேள்விதான். விசாரித்தோம்.

கை என்ன சொல்கிறது?

அவருக்குப் பெயர் சேர்ந்திசை நடத்துநர். பஸ் நடத்துநர் விசில் ஊதாமல் பஸ் கிளம்பாது. இவர் கை அசையாமல் பாட்டு கிளம்பாது.

வலது கை தாளம். நாலு எண்ணிக்கைப் பாட்டு என்றால் கை கீழே, உள்ளே, வெளியே, மேலே என்று போகும். இடது கை சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். எந்த வரிசை எப்போது சேர வேண்டும் என்பதையும் அதுதான் காட்டும்.

முக்கியமான வேலை பாட்டுக்கு முன்பே முடிந்துவிடும். முதல் எழுத்து வருவதற்கு முன் கை லேசாக மேலே எழும். அது "மூச்சை இழு" என்ற உத்தரவு. 50 பேரும் ஒன்றாக மூச்சு இழுத்தால்தான் 50 பேரும் ஒன்றாகத் தொடங்க முடியும்.

நீளமான வரி வந்தால் நேர் எதிர்! எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டால் பாட்டு அறுந்து போகும். பக்கத்து ஆள் பாடும்போது நீ மூச்சு விடு, நீ பாடும்போது அவர் விடட்டும் என்று பழக்குவார்கள். கேட்கிறவருக்கு அது ஒரே மூச்சாகத் தெரியும்.

நாலு குரல்

நம் ஊர் பஜனையில் எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவோம். சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் பல மெட்டு. பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்ட்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். நாலும் ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும்.

நீலகிரிக்கு இது புதிதல்ல. வெள்ளைக்காரர் கட்டிய ஊட்டி ஸ்தேவான் ஆலயம் 1830-ல் பிரதிஷ்டை ஆனது. கோவில் பாடகர் குழு என்கிற வழக்கம் அவர்களோடு மலையேறி வந்ததுதான்.

இந்தக் கலையைக் கோவிலுக்கு வெளியே, தமிழ்ப் பாட்டுக்குக் கொண்டு வந்தவர் ஒருவர் உண்டு. எம்.பி.சீனிவாசன்!

யார் இந்த எம்.பி.எஸ்.?

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். பிறந்தது 1925-ல், சித்தூரில். மாணவப் பருவத்திலேயே கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். 1960-ல் வெளியான "பாதை தெரியுது பார்" படத்துக்கு இசை இவர்தான். ஜேசுதாஸ் முதன்முதலாக சினிமாவுக்குப் பாடியது இவர் இசையில், "கால்பாடுகள்" என்ற மலையாளப் படத்துக்காக. அது 1962-ல் வெளிவந்தது. அடூர் கோபாலகிருஷ்ணனின் "சுயம்வரம்" (1972), "எலிப்பத்தாயம்" (1981) படங்களுக்கும் இவர்தான் இசை.

சினிமாவில் வாத்தியம் வாசிக்கிறவர்களுக்குச் சங்கம் வேண்டும் என்று பாடுபட்டு அமைத்தவர்களில் முக்கியமானவரும் இவரே.

இத்தனையும் செய்தவர் 1970-களில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கினார். சங்கீதம் முறையாகப் படிக்காதவர்களையும் நிற்க வைத்தார். பாரதியார் பாட்டுகளைப் பல குரலில் பிரித்துக் கொடுத்தார். ராகமும் கெடக்கூடாது, குரல்களும் மோதக்கூடாது. கத்தி மேல் நடக்கிற வேலை இது!

பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டங்கூட்டமாகப் பாட வைத்தார். பல மொழிப் பாட்டுகளைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை பழக்குவதற்காக லட்சத்தீவு போனார். போன இடத்திலேயே 1988 மார்ச் 9-ந் தேதி காலமானார்.

"வாயை மட்டும் அசை!"

இதையெல்லாம் டீக்கடையில் சொன்னபோது அந்தத் தொழிலாளி கிளாசைக் கீழே வைத்தார். "எம் பொண்ணை ஸ்கூல் பாட்டுல சேக்கலைங்க. குரல் சரியில்லையாம். வீட்டுல கூட இப்ப பாடறதில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் படித்த பள்ளிக்கூடத்திலும் இதே கதை. எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். சுதந்திர தின விழாவுக்குப் பாட்டு ஒத்திகை. வாத்தியார் காதைத் தீட்டிக்கொண்டு வரிசையில் வந்தார். என்னிடம் நின்றார். "நீ பாடாதே. வாயை மட்டும் அசை" என்றார். அசைத்தேன். அன்றிலிருந்து தேசிய கீதத்துக்குக் கூட எனக்கு வாய்தான் அசைகிறது.

சேர்ந்திசை தெரிந்தவர்கள் சொல்லும் வைத்தியம் வேறு. பல நேரம் தப்பு பிள்ளையின் குரலில் இல்லை, எடுத்த சுருதியில் இருக்கிறது. வாத்தியார் தன் குரலுக்கு ஏற்ற சுருதியில் ஆரம்பிப்பார். பிள்ளைக்கு அது எட்டாது. சுருதியை மாற்றிப் பார்க்க வேண்டும். 12, 13 வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். அவர்களைத் துரத்தாமல் கீழ்க்குரலில் சேர்க்க வேண்டும். தடுமாறுகிற பிள்ளையை நன்றாகப் பாடுகிற இரண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நிறுத்த வேண்டும். காது பழகும், குரல் தானே வரும். எடுத்தவுடன் கத்த விடாமல் வாயை மூடி "ம்" என்று ரீங்காரம் செய்ய வைக்க வேண்டும். மலைக் குளிரில் இது ரொம்ப அவசியம்.

இதற்குக் காசு செலவில்லை. ஆர்மோனியம் கூட வேண்டாம். பொறுமையும் ஒரு ஜோடி கையும் போதும்.

இப்போது பல விழாக்களில் பென் டிரைவ்தான் பாடுகிறது. பிள்ளைகள் அதற்கு வாயசைக்கிறார்கள். எல்லோரையும் வாயசைக்க வைக்க ஒரு ஸ்பீக்கர் போதும். எல்லோரையும் பாட வைக்கத்தான் ஆள் வேண்டும். கையை ஆட்டினவருக்கு ஏன் கைதட்டல் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

டீக்காசைக் கொடுத்துவிட்டு அந்தத் தொழிலாளி எழுந்தார். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போய் டீச்சரைப் பார்க்கிறேங்க. நடுவில நிறுத்திப் பாருங்கன்னு சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

டீச்சர்மார்களே, அவர் வந்தால் கொஞ்சம் காது கொடுங்கள்!