பெடிக்கியூர்

பெடிக்கியூர் என்பது பாதங்களையும் கால் நகங்களையும் தூய்மை செய்து சீர்படுத்தும் அழகுப் பராமரிப்பு முறை ஆகும். பாதம், பராமரிப்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து இப்பெயர் தோன்றியது. அழகு நிலையங்களில் ஒரே தொட்டியும் கருவிகளும் பலருக்குப் பயன்படுவதால், ஒருவரிடமிருந்து மற்றவருக்கு நோய் தொற்றாமல் காப்பது இதன் இன்றியமையாத பகுதியாகும்.

முன் ஆய்வு

பணியாளர் தம் கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின் வாடிக்கையாளரின் பாதங்களை ஆராய வேண்டும். வெட்டுக்காயம், சேற்றுப்புண், பூஞ்சை பற்றிய நகம், சீழ், வீக்கம் ஆகியவை காணப்பட்டால் பெடிக்கியூர் செய்யாமல் மருத்துவரை நாடுமாறு கூறுதல் வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். நீரின் சூட்டையோ சிறு காயத்தையோ அவர்கள் உணராமல் போகலாம். காயம் ஆறுவதும் தாமதமாகும். எனவே அவர்கள் முன்னரே மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

செய்முறை

1. பாதங்களை வெதுவெதுப்பான சோப்பு நீரில் சுமார் 5 நிமிடங்கள் ஊறவைத்து, துடைத்து உலர்த்த வேண்டும்.
2. நகங்களை நேராக வெட்ட வேண்டும். ஓரங்களை வளைத்து ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் வளரக்கூடும்.
3. நகத்தின் கூர்முனைகளை அரத்தால் மென்மையாக்க வேண்டும்.
4. நகத்தின் அடியிலுள்ள தோல் கிருமிகள் உட்புகாமல் தடுக்கிறது. ஆகவே அதனை வெட்டாமல் மெதுவாகப் பின்தள்ள வேண்டும்.
5. குதிகாலின் தடித்த தோலை நுரைக்கல்லால் தேய்க்கலாம். பிளேடால் சீவுதல் கூடாது.
6. விரலிடுக்குகளை நன்கு உலர்த்தியபின், அவ்விடங்களைத் தவிர்த்துக் களிம்பு பூச வேண்டும்.

தொற்று நீக்கம்

அழுக்கு படிந்த பரப்பில் தொற்றுநீக்கி சரிவரச் செயற்படாது. எனவே உலோகக் கருவிகளை முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் கழுவி, பின்னர் தொற்றுநீக்கியில் முழுமையாக மூழ்கவைக்க வேண்டும். தொற்றுநீக்கியின் உறையில் குறிப்பிட்டுள்ள நேரம் முழுவதும் அவை மூழ்கியிருத்தல் வேண்டும். அட்டை அரம், நுரைக்கல் போன்றவற்றின் நுண்துளைகளைத் தூய்மை செய்ய இயலாது. ஒருவருக்குப் பயன்படுத்தியபின் அவற்றை அகற்றிவிட வேண்டும். தொட்டியையும் ஒவ்வொருவருக்குப் பின்னும் வடித்து, கழுவி, தொற்று நீக்க வேண்டும்.

கலிபோர்னியா நிகழ்வு

2000 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஒரே நிலையத்தில் பெடிக்கியூர் செய்துகொண்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு முழங்காலின் கீழ் கொப்புளங்கள் தோன்றின. சிலருக்கு அவை ஆறப் பல மாதங்களாயின. சுழல்நீர்த் தொட்டிகளின் வடிகட்டிக்குப் பின்னால் சேர்ந்திருந்த முடியிலும் தோல் துணுக்குகளிலும் மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம் என்னும் பாக்டீரியா பெருகியிருந்தது. முன்னதாகக் காலில் முடி மழித்திருந்தவர்களுக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. தொட்டியின் கண்ணுக்குத் தெரியும் பகுதிகளை மட்டும் கழுவுவது போதாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.