பணிசெயல் முறைமையை மாற்றுதலும் கோப்புகளைக் காத்தலும்

கணினி பழுதுற்றதும் அதனை உடையவர் கேட்கும் முதல் வினா, "இதனைச் சீராக்க எவ்வளவு செலவாகும்?" என்பதாகவே பெரும்பாலும் இருக்கின்றது. அதற்கு முன்னர்க் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. "இதனுள் இருப்பவற்றுக்கு வேறு பிரதி எங்கேனும் உள்ளதா?" என்பதே அது. இவ்வினாவைக் கேளாது விட்டமையால் பிள்ளைகளின் புகைப்படங்களையும், வணிகக் கணக்குகளையும், பல ஆண்டு உழைத்து எழுதிய நூலின் பிரதியையும் ஒரே நாளில் இழந்து நிற்போர் உளர்.

கல்முனைக்கு வடக்கே கடலை அடுத்து அமைந்த மருதமுனை, கைத்தறி நெசவால் பெயர்பெற்ற ஊர். அவ்வூர் நெசவாளர்க்கு இக்கருத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. தறியைப் பிரித்துச் செப்பனிட நேரின், நெய்து முடிந்த துணியையும் ஏறியிருக்கும் பாவையும் முதலிற் பத்திரப்படுத்துவதே முறை. கணினிக்கும் இஃது அப்படியே பொருந்தும். விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமையே தறி. அதன் துணைகொண்டு மனிதர் ஆக்கிய கடிதம், கணக்கு, படம் ஆகியனவே துணி. தறி பழுதானால் வேறொன்று வாங்கலாம். துணி போனால் மீண்டும் நெய்தாக வேண்டும். புகைப்படமோ மீண்டும் நெய்ய இயலாத துணி.

இவ்வேறுபாட்டின் அருமையை இலங்கை அரசாங்கமே ஒருமுறை உணர நேர்ந்தது. 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் அமைப்பு, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரலொன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. அமைச்சரவை அலுவலகத்தினது உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. முறைமை 12 மணி நேரத்துள் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஆயின், அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குக் காப்புப் பிரதி இல்லாமையால், அக்காலத்து மின்னஞ்சல்கள் மீளவில்லை. முறைமையை மீட்பதற்கு அரை நாள் போதுமாயிருந்தது. பிரதி இல்லாத கடிதங்களை மீட்பதற்கோ எத்தனை நாளும் போதவில்லை.

எனவே முதற் பணி பிரதியெடுத்தலே. கணினியின் வன்தட்டு சி, டி எனப் பிரிக்கப்பட்டிருப்பின், டி பகுதியில் இட்டது பாதுகாப்பானது எனப் பலர் எண்ணுவர். இரண்டும் ஒரே தட்டின் இரு அறைகள். தட்டு பழுதானால் இரண்டும் ஒருங்கே போகும். ஆகையால் பிரதி வேறொரு புறவன்தட்டில் இருத்தல் வேண்டும். ஆவணங்கள், படங்கள், காணொளிகள், பதிவிறக்கங்கள் என்னும் கோப்புறைகளோடு, திரை முகப்பில் இட்டவற்றையும் மறவாது எடுத்தல் வேண்டும். கணக்கு மென்பொருள்கள் தம் தரவுகளை வேறிடங்களில் வைப்பதுண்டு. அவற்றை அம்மென்பொருளின் வழியாகவே பிரதியெடுப்பது நன்று. எடுத்தபின் கோப்புகளின் எண்ணிக்கையையும் அளவையும் ஒப்பிட்டு, சிலவற்றை வேறொரு கணினியில் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத பிரதியை நம்பி மூலத்தை அழித்தல் தகாது. வேலை தொடங்குமுன் அப்புறவன்தட்டைக் கணினியினின்றும் கழற்றிவிடுதல் இன்றியமையாதது. தவறான தட்டை அழித்துவிடும் பிழை அதனால் தவிர்க்கப்படும்.

கணினி தொடங்கவே மறுத்தால் என் செய்வது? அப்போதும் கோப்புகள் பெரும்பாலும் தட்டில் அப்படியே இருக்கும். உபுண்டு போன்ற லினக்ஸ் முறைமையொன்றைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். அதனை வன்தட்டில் நிறுவாமலே இயக்கிக் கோப்புகளை வெளியே எடுக்கலாம். தட்டு பிட்லொக்கர் முறையாற் பூட்டப்பட்டிருப்பின் 48 இலக்கங்கொண்ட மீட்புத் திறவுகோல் தேவைப்படும். விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், உடையவர் அறியாமலே இப்பூட்டு இடப்பட்டிருத்தல் கூடும். அத்திறவுகோல் வழக்கமாக அவருடைய மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நலமாயிருக்கும்போதே அதனைத் தாளில் எழுதி வைப்பது அறிவுடைமை. தட்டிலிருந்து 'டிக் டிக்' என்னும் ஒலி எழுமாயின், பழுது தட்டினுடையது. அந்நிலையில் முறைமையை மீள நிறுவ முயல்வது உள்ளிருப்பவற்றை மேலும் சிதைக்கும்.

பிரதி கையில் இருந்தால் மீள நிறுவுதல் அச்சந்தரும் செயலன்று. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் கணினியை மீட்டமைக்கும் வசதி அமைப்புகளிலேயே உண்டு. அது இரு வழிகளைக் காட்டும். தனிக்கோப்புகளை வைத்துக்கொள்வது ஒன்று. அனைத்தையும் நீக்குவது மற்றொன்று. முன்னதைத் தெரிந்தாலும் பின்னர் நிறுவிய மென்பொருள்களும் அமைப்புகளும் நீங்கும். ஆதலின் அவற்றின் பட்டியலையும் உரிமக் குறியீடுகளையும் முன்னரே குறித்துவைத்தல் வேண்டும். போமற் செய்யாமற் பழையதன்மேற் புதிய விண்டோஸை நிறுவின், பழைய கோப்புகள் 'விண்டோஸ் ஓல்ட்' என்னும் கோப்புறையிற் காணப்படும். எனினும் பதிப்பை உயர்த்தும்போது உண்டாகும் அக்கோப்புறை பத்து நாளிற் தானே நீங்கிவிடும். அதனை நம்பிக் காலந்தாழ்த்தல் ஆகாது.

தமிழில் எழுதுவோர் அறியவேண்டிய செய்தி ஒன்று தனியே உண்டு. புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனையும் மருதூர்க்கொத்தனையும் தந்த மருதமுனையிலும், இலங்கையின் பிற தமிழ் ஊர்களிலும், கணினியில் தட்டெழுதிய பழைய பிரதிகள் பல பாமினி எழுத்துருவில் உள்ளன. இவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமைத்தது. முறைமையை மீள நிறுவியதும் அவ்வெழுத்துரு இல்லாதொழிய, தமிழ்க் கட்டுரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். கோப்பு கெட்டதெனக் கருதி அதனை அழித்துவிடலாகாது. பாமினியை மீண்டும் நிறுவினால் தமிழ் முன்போல் தோன்றும். ஆதலால் எழுத்துருக் கோப்புகளும் பிரதியில் இடம்பெறல் வேண்டும். அத்தகைய எழுத்துகளை ஓய்வாக ஒருங்குறிக்கு மாற்றிவைப்பின் இத்தொல்லை நிலையாகத் தீரும்.

பிரதியெடுக்குமுன்னரே தட்டைப் போமற் செய்துவிட்டவர் உடனே கணினியை நிறுத்துதல் வேண்டும். விரைவுப் போமற் பெரும்பாலும் பொருளடக்கத்தையே அழிக்கிறது. காந்தத் தட்டாயின், புதிதாக எதுவும் எழுதப்படாதவரை மீட்பு மென்பொருள்களால் பலவற்றைப் பெறுதல் கூடும். இக்காலத்து எஸ்.எஸ்.டி. தட்டுகளில், நீக்கப்பட்ட இடங்களைத் தட்டே துடைத்துவிடுமாதலின் அந்நம்பிக்கை மிகக் குறைவு.

வீட்டில் ஒரு பிரதி இருந்தால் போதுமா என்பது இறுதி வினா. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை உள்ளிட்ட அம்பாறைக் கரையோர ஊர்களில் வீடுகளோடு வீட்டிலிருந்த பத்திரங்களையும் படங்களையும் வாரிச் சென்றது. பெட்டியில் இருந்த மூலமும் அலுமாரியில் இருந்த பிரதியும் ஒரே அலையில் அழிந்தன. இதனாலேயே மூன்று பிரதிகள், இருவகை ஊடகங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் விதியை அறிந்தோர் வகுத்துள்ளனர். அந்த மூன்றாவது பிரதி இணையச் சேமிப்பில் இருக்கலாம். கடலுக்குத் தொலைவிலுள்ள உறவினர் வீட்டிலும் இருக்கலாம்.

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றமையால், முறைமையை மாற்றும் தேவை பல வீடுகளுக்கு வந்துள்ளது. பழுது நேரும் வரை காத்திராது, கணினி நன்றாக இயங்கும் ஓர் ஓய்வு நாளிற் பிரதியெடுத்து, திறந்து பார்த்து, ஒன்றை வேறிடத்துக்கு அனுப்பிய பின்னர் அப்பணியைத் தொடங்குவோர் எதனையும் இழக்க நேராது.